ஏபிஐ எளிமையாக இருக்க வேண்டுமா, எல்லாம் செய்ய வேண்டுமா? ஒரு வரி எழுத்தால் உலக சர்வர்கள் ஆட்டம் கண்டது ஏன்?

2021-ஆம் ஆண்டு டிசம்பர் 9. கணினிப் பாதுகாப்பு வல்லுநர்களின் தூக்கத்தைக் கெடுத்த நாள் அது.

‘மைன்கிராஃப்ட்’ விளையாட்டின் சாட் பகுதியில் ஒரே ஒரு வரியை டைப் செய்தால் போதும், அந்த விளையாட்டு ஓடும் சர்வரையே வெளியாள் ஒருவர் கைப்பற்ற முடியும் என்பது அன்று அம்பலமானது. விளையாட்டோடு விஷயம் நிற்கவில்லை. ஜாவா மொழியில் எழுதப்பட்ட ஏராளமான நிறுவன மென்பொருள்களுக்கும் இதே ஆபத்து இருந்தது.

காரணம், ‘லாக்4ஜே’ என்ற சிறிய நிரல் தொகுப்பு. அதில் இருந்த ஓட்டை யாரோ கவனக்குறைவாக விட்ட எழுத்துப்பிழை கிடையாது. "இதுவும் இருந்தால் நன்றாக இருக்குமே" என்று கேட்டு, 2013-இல் சேர்க்கப்பட்ட ஒரு வசதி.

மென்பொருள் உலகில் பல ஆண்டுகளாக ஓடும் விவாதம் ஒன்று இதனால் மீண்டும் சூடுபிடித்தது. ஒரு ஏபிஐ எளிமையாக இருக்க வேண்டுமா? அல்லது கேட்டதையெல்லாம் செய்யும் அளவுக்கு நெகிழ்வாக இருக்க வேண்டுமா?

‘அது ஐ.டி. ஆட்களின் பிரச்னை’ என்று தள்ளிவிட முடியாது. நீங்கள் பணம் அனுப்பும்போதும், டிக்கெட் புக் செய்யும்போதும் திரைக்குப் பின்னால் வேலை செய்வது இந்த ஏபிஐ-கள்தான். இதில் யார் எடுத்த முடிவு தவறினாலும், கடைசியில் பாதிப்பு வந்து சேருவது உங்கள் பாஸ்வேர்டுக்கும் பணத்துக்கும்தான்.

ஏபிஐ என்றால் என்ன?

ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் வேலை கேட்கும் வழிதான் ஏபிஐ. உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை. எப்படிக் கேட்க வேண்டும், பதிலுக்கு என்ன கிடைக்கும் என்பது தெரிந்தால் போதும்.

டீக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். "மாஸ்டர், ஒரு டீ" என்றால் டீ வந்துவிடும். டிகாக்‌ஷன் எப்போது போட்டது, பால் எவ்வளவு என்றெல்லாம் நீங்கள் சொல்வதில்லை. வேண்டுமென்றால் "சர்க்கரை கம்மி, ஸ்ட்ராங்கா" என்று சேர்த்துச் சொல்லலாம்.

இப்போது இரண்டு விநோதமான கடைகளை யோசித்துப் பாருங்கள். முதல் கடையில் பால் எத்தனை மில்லி, தூள் எத்தனை கிராம், எத்தனை ஆற்று ஆற்ற வேண்டும் என்று எல்லாவற்றையும் நீங்களே சொல்ல வேண்டும். எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் ஒன்றைத் தப்பாகச் சொன்னால் டீயை வாயில் வைக்க முடியாது.

இரண்டாவது கடையில் ஒரே டீதான். சர்க்கரை நோயாளி வந்தாலும் அதே டீதான்.

முதல் கடை நெகிழ்வின் எல்லை, இரண்டாவது கடை எளிமையின் எல்லை. நிஜ உலகில் எல்லா ஏபிஐ-களும் இந்த இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஓரிடத்தில் நிற்கின்றன.

உதாரணமாக, யுனிக்ஸில் ஏற்கெனவே உள்ள ஒரு கோப்பைத் திறக்க அதன் பெயரையும், படிக்கவா எழுதவா என்பதையும் சொன்னால் போதும். விண்டோஸின் ‘கிரியேட்ஃபைல்’ அதே வேலைக்கு 7 விவரங்களைக் கேட்கும். கேட்கவே அலுப்பாக இருக்கிறது அல்லவா? ஆனால் அந்த 7-இல் ஒன்று, ‘நீங்கள் திறந்து வைத்திருக்கும்போது மற்ற நிரல்கள் இந்தக் கோப்பைத் தொடலாமா’ என்பது. சில நேரங்களில் அது ரொம்பத் தேவைப்படும் கேள்வி.

லாக்4ஜே: ஒரு வசதி ஆபத்தானது எப்படி?

ஒரு மென்பொருள் ஓடும்போது, நடப்பதையெல்லாம் குறித்து வைத்துக்கொண்டே இருக்கும். ‘இந்தப் பெயரில் ஒருவர் உள்ளே வந்தார்’, ‘இந்தத் தேடலுக்கு விடை கிடைக்கவில்லை’ என்பது போல. இதற்கு ‘லாக்’ என்று பெயர். கடையில் இருக்கும் கணக்கு நோட்டு மாதிரி.

ஜாவா டெவலப்பர்கள் இந்த வேலைக்குப் பரவலாகப் பயன்படுத்துவது, அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் கீழ் வரும் லாக்4ஜே.

டெவலப்பருக்குத் தேவை ஒன்றுதான்: ‘இந்த வரியை எழுதி வை.’ ஆனால் லாக்4ஜே அதற்கு மேலும் செய்தது. எழுதச் சொன்ன வரிக்குள் டாலர் குறியும் நெளிவு அடைப்புக்குறியும் சேர்ந்து வந்தால், அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் வேறு தகவலை நிரப்பும். ஓடிக்கொண்டிருக்கும் ஜாவாவின் பதிப்பு எண்ணைச் சேர்ப்பது போன்ற வேலைகளுக்கு இது வசதியாக இருந்தது.

2013-இல் இந்தக் கட்டளைப் பட்டியலில் ‘ஜேஎன்டிஐ’ சேர்ந்தது. வேறொரு சர்வரைத் தொடர்புகொண்டு அங்கிருந்து தகவலைக் கொண்டுவரும் ஜாவா வசதி அது. சில சூழல்களில், அங்கிருந்து நிரலையே இறக்கி ஓட்டவும் அதனால் முடியும்.

சிக்கல் இங்கேதான். லாகில் எழுதப்படும் வரிகளில் பெரும்பகுதி வெளியாட்கள் தருவது: பயனர் பெயர், தேடும் சொல், சாட் செய்தி. அதற்குள் ஒரு ஹேக்கர் தன் சர்வர் முகவரியை ஜேஎன்டிஐ கட்டளையாக எழுதி அனுப்பினால், லாக்4ஜே அதையும் நிறைவேற்றும். கணக்கு எழுத உட்கார்ந்தவர், வாடிக்கையாளர் நீட்டிய சீட்டில் இருந்த உத்தரவைப் படித்துவிட்டு கல்லாப்பெட்டியைத் திறந்து கொடுத்த கதைதான்.

அலிபாபா கிளவுட் பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்த ஒருவர் 2021 நவம்பர் 24-இல் இதை அப்பாச்சிக்குத் தெரிவித்தார். தீவிரத்தை அளக்கும் அளவுகோலில் இந்த ஓட்டைக்குக் கிடைத்த மதிப்பெண் 10-க்கு 10. டிசம்பர் மாதம் முடிவதற்குள் திருத்தப்பட்ட பதிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவற்றில் 2.16 பதிப்பு, லாக் வரிகளுக்குள் கட்டளை தேடும் பழக்கத்தையே அகற்றியது.

அந்த வசதியைத் தாங்கள் யாரும் விரும்பவில்லை என்றும், எடுத்தால் பழைய மென்பொருள்கள் பாதிக்கும் என்பதால்தான் வைத்திருந்தோம் என்றும் லாக்4ஜே குழுவைச் சேர்ந்த ஒருவர் அப்போது பொதுவெளியில் சொன்னார். இந்தப் பேச்சை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்குத் திரும்பி வருவோம்.

0, 1, 2: ஒரு எண் செய்த குழப்பம்

அடுத்தது இன்னும் நுட்பமான உதாரணம்.

இணையத்தில் தகவல் அனுப்பவும் பெறவும் உலகம் முழுக்கப் பயன்படும் நிரல் தொகுப்பு ‘கர்ல்’. சுவீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க் உருவாக்கியது. ஒரு செயலி பணப்பரிமாற்ற சர்வருடன் பேசும்போது இரண்டு விஷயங்களை உறுதிசெய்ய வேண்டும். எதிரே நீட்டப்படும் சான்றிதழ் உண்மையானதா? அது நாம் பேச நினைத்த சர்வருக்கு உரியதுதானா? அசல் ஆதார் அட்டையாகவே இருந்தாலும் அதிலுள்ள ஆள் வேறு என்றால் விடுவோமா? அதே மாதிரிதான்.

கர்லில் இந்த இரண்டாவது சோதனைக்கு ஓர் அமைப்பு உண்டு. 0 என்றால் சோதனை வேண்டாம். 2 என்றால் பெயர் பொருந்துகிறதா என்று முறையாகச் சோதிக்க வேண்டும். நடுவில் 1 என்றும் ஒன்று இருந்தது. சான்றிதழில் ஏதோ ஒரு பெயர் இருந்தாலே போதும், யார் பெயராக இருந்தாலும் சரி என்பது அதன் பொருள்.

யாரும் எதையும் தொடாவிட்டால் கர்ல் தானாகவே 2-ஐ எடுத்துக்கொள்ளும். அதாவது, சும்மா விட்டிருந்தால் பாதுகாப்பு.

ஆனால் பொறுப்பான டெவலப்பர்கள் பலர் என்ன செய்தார்கள்? ‘சோதனை செய்யவா?’ என்று கேட்பது போன்ற பெயர் அந்த அமைப்புக்கு. அதனால் ‘ட்ரூ’, அதாவது ‘ஆமாம்’ என்று எழுதினார்கள். பிஎச்பி மொழியில் ‘ட்ரூ’ எண்ணாக மாறும்போது கிடைப்பது 1. பாதுகாப்பை அழுத்திச் சொல்லப்போய், இருந்த பாதுகாப்பையும் அணைத்துவிட்டார்கள். பிழைச் செய்தி வரவில்லை, செயலி வழக்கம்போல ஓடியது. யாருக்கும் தெரியவில்லை.

ஸ்டான்ஃபோர்டு மற்றும் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இந்த மாதிரிக் குழப்பங்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. பிரபல பணப்பரிமாற்ற மென்பொருள்களிலும் சான்றிதழ் சோதனை ஓட்டையாக இருப்பதை அவர்கள் கண்டனர். டெவலப்பர்களின் கவனக்குறைவை விட, குழப்பமான ஏபிஐ வடிவமைப்புதான் பெரிய காரணம் என்பது அவர்கள் சொன்ன முக்கியமான கருத்து.

அதே ஆண்டு வந்த கர்லின் 7.28.1 பதிப்பு, 1 என்று கொடுத்தால் ஏற்க மறுத்துப் பிழை காட்டத் தொடங்கியது. பின்னர் 7.66.0 பதிப்பிலிருந்து 1 கொடுத்தாலும் 2 என்றே எடுத்துக்கொள்கிறது.

அப்போ, எளிமையா இருந்தா போதுமா?

இதுவரை படித்தவர்களுக்கு ‘வசதியே வேண்டாம், சிம்பிளாக இருக்கட்டும்’ என்று தோன்றலாம். அதிலும் ஒரு பொறி இருக்கிறது.

சி மொழியில் ‘கெட்ஸ்’ என்று ஒரு கட்டளை இருந்தது. உள்ளே வரும் ஒரு வரியைப் படித்து, நீங்கள் காட்டும் இடத்தில் வைக்கும். கேட்பது ஒரே ஒரு விவரம்தான்: எந்த இடத்தில் வைக்க வேண்டும்? இதைவிட எளிமையாக ஓர் ஏபிஐ இருக்க முடியாது.

ஆனால் அந்த இடம் எவ்வளவு பெரியது என்று அது கேட்பதே இல்லை. 512 எழுத்துகளுக்கான இடத்தில் அதைவிட நீளமான வரி வந்தாலும் எழுதிக்கொண்டே போகும். மீதி எழுத்துகள் பக்கத்திலுள்ள நினைவகத்தில் வழியும்.

1988 நவம்பர் 2-இல் பரவிய ‘மோரிஸ் வார்ம்’ பயன்படுத்திய வழிகளில் இது ஒன்று. ‘ஃபிங்கர்’ என்ற சேவையை நடத்திய நிரல், கெட்ஸ் மூலம் வரியைப் படித்துக்கொண்டிருந்தது. 512 எழுத்து இடத்துக்கு 536 எழுத்துகள் அனுப்பி, அந்தக் கணினிக்குள் வார்ம் நுழைந்தது. அன்றைய இணையத்தில் இருந்த சுமார் 60,000 கணினிகளில் 6,000 வரை பாதிக்கப்பட்டதாகப் பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு ஒன்று உண்டு.

கெட்ஸைக் கவனமாகப் பயன்படுத்துவது என்பது சாத்தியமே இல்லை. தேவையான தகவலைக் கொடுக்க அதில் வழியே கிடையாது. அதன் மாற்றான ‘எஃப்கெட்ஸ்’ மூன்று விவரங்கள் கேட்கும். அதில் ஒன்று, இடத்தின் அளவு. கூடுதலாக வந்த அந்த ஒரு கேள்விதான் பாதுகாப்பு. கெட்ஸ் கடைசியில் சி மொழியின் 2011 தரநிலையில்தான் நீக்கப்பட்டது. வார்ம் வந்து 23 ஆண்டுகள் கழித்து.

லினக்ஸ் கற்ற பாடம்

அளவுக்கு மீறிய எளிமைக்கு இன்னொரு விலையும் உண்டு. பின்னால் தேவை வரும்போது, சேர்க்க இடம் இருக்காது.

யுனிக்ஸில் ‘டூப்’ என்ற கட்டளை, திறந்திருக்கும் கோப்புக்கு இன்னொரு கைப்பிடி தரும். கேட்பது ஒரு விவரம். பிறகு இன்னும் ஒரு விவரம் சொல்ல வேண்டிய தேவை வந்தது, ‘டூப்2’ வந்தது. 2008-இல் லினக்ஸில் மூன்றாவது விவரம் தேவைப்பட்டது, ‘டூப்3’ வந்தது. மூன்றும் இன்றும் இருக்கின்றன.

அதனால்தான், புதிய கட்டளை சேர்ப்பவர்களுக்கு லினக்ஸின் வழிகாட்டி ஆவணம் இப்போது இப்படி அறிவுறுத்துகிறது: எதிர்காலத் தேவைக்காக ‘ஃபிளாக்’ என்ற ஓர் இடத்தை இப்போதே ஒதுக்கி வையுங்கள். அதில் புரியாத மதிப்பு ஏதாவது வந்தால், கண்டுகொள்ளாமல் விடாதீர்கள். பிழை என்று திருப்பி அனுப்புங்கள்.

இரண்டாவது பாதி ரொம்ப முக்கியம். கோப்பைத் திறக்கும் பழைய ‘ஓபன்’ கட்டளை புரியாத மதிப்புகளைப் பேசாமல் விட்டுவிடும். அதனால் அந்த மதிப்புகளுக்குப் பின்னாளில் புதுப் பொருள் கொடுப்பது சிக்கலானது. புரியாததை மறுக்கும் ‘ஓபன்ஏட்2’ 2020-இல் வந்தது.

தவறு தெரிந்தால் மாற்ற வேண்டியதுதானே?

இங்கேதான் லாக்4ஜே குழு சொன்னதற்குத் திரும்ப வேண்டும்.

செயலியின் திரையில் ஒரு பட்டனை மாற்றினால் பயனர்கள் இரண்டு நாள் புலம்புவார்கள், பிறகு பழகிவிடும். ஏபிஐ அப்படி இல்லை. அதை நம்பி எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான நிரல்கள் இருக்கும். அவற்றை எழுதியவர்களில் பலர் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். ஒரு வசதியை எடுத்தால், எங்கோ ஒரு மருத்துவமனையின் மென்பொருளோ வங்கியின் மென்பொருளோ மறுநாள் காலை நின்றுபோகலாம்.

ஜாவாவின் முக்கியமான நிரல் தொகுப்புகளை வடிவமைத்த ஜோஷுவா பிளாக், 2006-இல் ஆற்றிய உரையில் இதற்கு ஒரு விதி சொன்னார். சேர்ப்பதா வேண்டாமா என்ற சந்தேகம் இருந்தால் சேர்க்காதே. பிறகு எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம், ஆனால் கொடுத்ததைத் திரும்ப எடுக்கவே முடியாது என்பது அதன் சாரம்.

சரி, தீர்வு என்ன?

எளிமை, நெகிழ்வு இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றில்லை. நல்ல ஏபிஐ-கள் இரண்டையும் அடுக்கடுக்காக வைக்கின்றன.

பைத்தான் மொழியின் ‘ரிக்வெஸ்ட்ஸ்’ இதற்கு நல்ல உதாரணம். கென்னத் ரைட்ஸ் 2011-இல் வெளியிட்டது. அதுவரை பைத்தானோடு வந்த ‘யுஆர்எல்லிப்2’ மூலம் பாஸ்வேர்டு கொடுத்து ஒரு பக்கத்தை எடுக்கப் பல வரிகள் எழுத வேண்டியிருந்தது. ரிக்வெஸ்ட்ஸில் ஒரே வரி போதும்.

நெகிழ்வு எங்கே போனது? கீழ் அடுக்கில் இருக்கிறது. பெரும்பாலானோருக்கு மேலே உள்ள ஒரு வரி போதும். கொஞ்சம் கூடுதல் கட்டுப்பாடு வேண்டுமென்றால் ‘செஷன்’. அதற்கும் மேல் வேண்டுமென்றால் ‘அடாப்டர்’. அதற்கும் அடியில் ‘யுஆர்எல்லிப்3’ என்ற தனித் தொகுப்பு. தேவைப்படுபவர் மட்டும் படி இறங்கலாம்.

இன்னொன்று, ரிக்வெஸ்ட்ஸில் சான்றிதழ் சோதனை தானாகவே நடக்கும். வேண்டாம் என்றால்தான் எழுதிச் சொல்ல வேண்டும்.

ரிக்வெஸ்ட்ஸும் குறையில்லாதது இல்லை. எதிர் சர்வர் பதிலே சொல்லாவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லாவிட்டால், அது காத்துக்கொண்டே இருக்கும். பின்னர் வந்த ‘எச்டிடிபிஎக்ஸ்’ என்ற தொகுப்பு, யாரும் சொல்லாவிட்டாலும் 5 விநாடிகளில் கைவிட்டுவிடும். கேட்பவர் வாய் திறக்காதபோது என்ன நடக்கும் என்பதையும் வடிவமைப்பாளர்தான் முடிவு செய்கிறார்.

பெயரிலும் கவனம் தேவை. யாமல் கோப்புகளைப் படிக்கும் ‘பையாமல்’ தொகுப்பில் ‘லோட்’ என்ற சின்னப் பெயர் ஆபத்தான வழிக்கும், ‘சேஃப் லோட்’ என்ற நீளப் பெயர் பாதுகாப்பான வழிக்கும் கொடுக்கப்பட்டிருந்தது. அவசரத்தில் கை எதை டைப் செய்யும்? 2019 முதல் ‘லோட்’ மட்டும் எழுதினால் எச்சரிக்கை வந்தது. 2021-இல் வந்த 6.0 பதிப்பில், எந்த முறையில் படிக்க வேண்டும் என்று சொல்லியே ஆக வேண்டும்.

ஃபேஸ்புக் உருவாக்கிய ‘ரியாக்ட்’ நேர் எதிர் வழியில் போனது. பக்கத்துக்குள் நேரடியாக எச்டிஎம்எல்லைச் செருகும் வசதியின் பெயரே ‘டேஞ்சரஸ்லி’ என்று ஆரம்பிக்கும். வசதி உண்டு, ஆனால் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் ‘ஆபத்தாகச் செய்கிறேன்’ என்று கைப்பட எழுத வேண்டும். பிறகு அந்த நிரலைச் சரிபார்ப்பவர் கண்ணிலும் அது உடனே படும்.

டெவலப்பர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய 4 கேள்விகள்

கல்லூரி புராஜெக்ட்டாக இருந்தாலும், நிறுவன மென்பொருளாக இருந்தாலும், ஓர் ஏபிஐ-யை மற்றவர்கள் கையில் கொடுப்பதற்கு முன் இவற்றைக் கேட்டுப் பார்க்கலாம்.

1. பயன்படுத்துபவர் எதையும் தொடாமல் விட்டால் பாதுகாப்பாக இருக்குமா?

2. தப்பாகக் கொடுத்தால் உடனே பிழை காட்டுமா, அல்லது பேசாமல் ஓடுமா? கர்லில் ‘ட்ரூ’ செய்த வேலையை நினைவில் கொள்ளுங்கள்.

3. சரியாகச் செய்யத் தேவையான தகவலைக் கேட்கிறதா? கெட்ஸ் கேட்காமல் விட்டது ஒரே ஓர் எண்தான்.

4. புதிதாகச் சேர்க்கும் வசதி எத்தனை பேருக்குத் தேவை? ஒருவருக்காகச் சேர்ப்பதை எல்லோருக்கும் திறந்து வைக்க வேண்டுமா? லாக்4ஜேயில் ஜேஎன்டிஐ வசதி இருப்பதே, அதைச் சுமந்துகொண்டிருந்த பலருக்குத் தெரியாது.

சாதாரணப் பயனருக்கு இதில் என்ன இருக்கிறது?

உங்கள் செயலி எந்த நிரல் தொகுப்பைப் பயன்படுத்துகிறது, அதில் 1 எழுதியிருக்கிறதா 2 எழுதியிருக்கிறதா என்று நீங்கள் பார்க்க முடியாது. பார்க்க வேண்டிய பொறுப்பும் உங்களுடையது இல்லை.

உங்கள் கையில் இருப்பது அப்டேட். கர்ல் 1-ஐ மறுக்கத் தொடங்கியபோதும், லாக்4ஜே கட்டளை தேடுவதை நிறுத்தியபோதும், அந்தத் திருத்தங்கள் தானாக எல்லாக் கருவிகளுக்கும் போய்ச் சேரவில்லை. செயலியைத் தயாரித்தவர் புதிய பதிப்பை எடுத்துச் சேர்க்க வேண்டும். அதை நீங்கள் நிறுவ வேண்டும். ‘சிறு திருத்தங்கள்’ என்று மட்டும் போட்டு வரும் அப்டேட்டுக்குள், யாரோ ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் திறந்து வைத்த கதவைச் சாத்தும் வேலையும் இருக்கலாம். அதை நாளைக்குத் தள்ளிப்போடாமல் இன்றே செய்துவிடுவது நல்லது.